தாது வருஷத்தைப் படிக்க எத்தனை பாடம் வேண்டும்?

கல்லூரிகளில் விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் இது. பல துறைகள் கூடிய கலைப்புலப் படிப்புகள் குறித்து மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கல்லூரிப் பேச்சில் ‘இன்டர்டிசிப்ளினரி ஹியூமானிடீஸ்’ என்பது இதைத்தான். சிலர் இதை ‘மானுடவியல்’ என்று எழுதியிருந்தார்கள். அது ஆந்த்ரோபாலஜி என்ற தனித் துறையின் பெயர். விண்ணப்பத்தில் இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

எங்கள் கல்லூரியில் ‘பஞ்சமும் சமூகமும்’ என்று ஒரு நான்-மேஜர் எலெக்டிவ் (பிற துறை விருப்பப் பாடம்) வைத்திருக்கிறார்கள். வரலாறு கொஞ்சம், இலக்கியம் கொஞ்சம், பொருளியல் கொஞ்சம். பள்ளியில் படித்ததையே துண்டுதுண்டாகத் திரும்பப் படிப்பது போலத் தெரிகிறது. இதில் புதிதாக என்ன இருக்கிறது?
பி.எஸ்சி. இயற்பியல் மாணவி, திருநெல்வேலி

மூன்று பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறினால் நீங்கள் நினைப்பது சரிதான், அது வெறும் கதம்பம். பல்துறைப் படிப்பு என்றால் நடுவில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். எந்த ஒரு துறையும் தனியாக நின்று பதில் சொல்ல முடியாத கேள்வியாக அது இருக்க வேண்டும்.

உங்கள் பாடத்திலிருந்தே எடுத்துக்கொள்வோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியது தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்ததால் சனங்கள் செத்தார்களா, தானிய விலை ஏறியதாலா, நிவாரணக் கூலி போதாததாலா என்பது கேள்வி. வரலாற்றுக்காரர் அரசு ஆவணத்தைப் பார்ப்பார். பொருளியல்காரர் விலைப் பட்டியலைப் பார்ப்பார். தமிழ் படித்தவர் பஞ்சக் கும்மியையும், 1899இல் அச்சான வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுகவிலாசத்தையும் எடுப்பார். வானிலை தெரிந்தவர் பசிபிக் கடலின் வெப்பத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு சான்றிலும் ஒரு வழுக்கல் உண்டு. அது எங்கே இருக்கிறது என்பது அந்தந்தத் துறைக்காரருக்குத்தான் தெரியும்.

முதலில் விலைப் பட்டியல். சேர், தோலா இரண்டும் பழைய அளவைகள். அந்தக் கால ஆவணங்களில் ஒரு சேர் என்ன விலை என்று போடுவதில்லை, ரூபாய்க்கு எத்தனை சேர் என்று போடுவார்கள். அதனால் எண் இறங்கினால் விலை ஏறியது என்று பொருள். இதைக் கவனிக்காமல் வரைபடம் போட்ட மாணவர், பஞ்சம் முற்றிய மாதத்தில் விலை சரிந்தது என்று எழுதிவிடுவார். சராசரி எடுக்கும்போது இன்னொரு குழி. ஒரு சந்தையில் ரூபாய்க்கு 10 சேர், இன்னொன்றில் 20 சேர் என்றால் சராசரி 15 சேர் என்று கை தானாக எழுதும். முதல் சந்தையில் ஒரு சேர் 1.6 அணா, இரண்டாவதில் 0.8 அணா, சராசரி விலை 1.2 அணா. ரூபாய்க்கு 16 அணா. ஆக, சராசரி விலையில் ரூபாய்க்குக் கிடைப்பது 13.3 சேர்தான். சேரும் ஊருக்கு ஊர் மாறும். 80 தோலாச் சேர் என்றால் ஏறக்குறைய 933 கிராம். வேறு சேர் என்றால் ஆவணத்தின் முன்பக்கத்தில் உள்ள அளவைப் பட்டியலைப் பார்க்காமல் கிலோவுக்கு மாற்றக் கூடாது.

அடுத்து பாட்டு. பாட்டில் ‘தாது’ என்று வந்தால் பக்கத்தில் 1876 என்று எழுதிவிடுவது வழக்கம். தாது ஆண்டு 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிகிறது. அதன் பிறகு வருவது ஈஸ்வர ஆண்டு. 1877 கோடையின் கொடுமையைப் பாடும் ஒரு பாட்டு ‘தாது’ என்றே சொன்னால், ஊர் நினைவில் பஞ்சம் முழுவதற்கும் அந்த ஆண்டின் பெயரே நின்றுவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும். அதைக் காலப்பிழை என்று தள்ளிவிடக் கூடாது. அந்தப் பாட்டு எப்போது, யார் வாயிலிருந்து எழுதப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சில் வந்த கும்மி பதிப்பித்தவர் கை பட்டது.

நீங்கள் இயற்பியல் படிப்பவர், அதனால் மூன்றாவது இடம் உங்களுக்கு. 1877-78இல் வந்த எல் நினோ மிக வலுவானவற்றுள் ஒன்று. ‘எல் நினோவால் பஞ்சம்’ என்று ஒரே வரியில் முடிக்கத் தோன்றும். ஆனால் சென்னை மாகாணத்தில் மழை தவறியது 1876இலேயே. எல் நினோ உச்சம் தொட்டது அதற்குப் பிறகு. மேலும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைவதும், நமக்கு வரும் வடகிழக்குப் பருவமழை கூடுவதும்தான் பொதுவான போக்கு. இரண்டு பருவமழையையும் பிரிக்காமல் ‘மழை’ என்று மட்டும் எழுதினால் காரணமே தலைகீழாகிவிடும். இதைப் பிடிக்க அந்த வகுப்பில் அறிவியல் மாணவர் ஒருவர் இருக்க வேண்டும்.

கடைசியாகக் கூலி. 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று வகுத்தார். ஒரு பவுண்டு 454 கிராம். அரிசி என்றால் சுமார் 1,600 கிலோகலோரி. மண் வெட்டிச் சுமக்கும் ஆளுக்கு அது எந்த மூலைக்கு? சரி, மிச்சமுள்ள ஓர் அணாவுக்கு என்ன வாங்கலாம்? ரூபாய்க்கு 8 சேர் விற்றால் அரைச் சேர் கிடைக்கும், அதுவும் அவர் தனியாள் என்றால்தான். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்தக் கூலி உடம்பைத் தாங்காது என்று எதிர்த்து எழுதினார். ஊட்டச்சத்துக் கணக்கு, விலைக் கணக்கு, ஆவணம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்தால்தான் அந்த வாக்குவாதத்தில் யார் சொன்னது சரி என்று பார்க்க முடியும். உங்கள் எலெக்டிவ் இப்படி நடந்தால் தயங்காமல் சேருங்கள். முதல் வகுப்பிலேயே ‘இந்தப் பாடத்தின் கேள்வி என்ன?’ என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

நான்-மேஜர் எலெக்டிவ், மைனர், மல்டிடிசிப்ளினரி என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றா?
பி.காம். முதலாண்டு மாணவர், நாமக்கல்

ஒன்றல்ல. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் கீழுள்ள கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம் வழக்கமாக 140 கிரெடிட். நான்-மேஜர் எலெக்டிவ் பகுதி நான்கில் வருவது, பெரும்பாலும் இரண்டு தாள், தாளுக்கு 2 கிரெடிட். பகுதி ஒன்றில் தமிழ் அல்லாத மொழி எடுத்தவர்களுக்குப் பல கல்லூரிகளில் இதே இடத்தில் அடிப்படைத் தமிழோ சிறப்புத் தமிழோ வந்துவிடும். அவர்களுக்கு எலெக்டிவ் கிடைக்காது. இது பலருக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரிய வருகிறது. சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மைனர், மல்டிடிசிப்ளினரி இரண்டும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டுப் பாடத்திட்டச் சட்டகத்தில் வருபவை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பெயர்களைப் பார்ப்பீர்கள். அங்கே மூன்றாண்டுக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. மல்டிடிசிப்ளினரி என்பது 3 கிரெடிட் வீதம் மூன்று தாள், மொத்தம் 9. பிளஸ் டூவில் படித்த பாடத்தை அதில் மறுபடி எடுக்க முடியாது. மைனர் அதைவிடக் கனமானது, மூன்றாண்டில் 24 கிரெடிட், நான்காண்டில் 32. வணிகவியலோடு வரலாற்றையோ தத்துவத்தையோ உண்மையாகவே கற்க ஆசை என்றால் மைனர்தான் வழி. 2 கிரெடிட் தாள் ஒரு சாளரத்தைத் திறந்து காட்டும், அவ்வளவுதான் அதனால் முடியும்.

வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து 2 கிரெடிட் தாள் ஒன்று நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்ளலாமா?
உதவிப் பேராசிரியர், தஞ்சாவூர்

அப்படி மட்டும் பிரிக்காதீர்கள். இந்த வகைத் தாள்கள் கெட்டுப்போவதற்கு முதல் காரணமே இந்தப் பாதிப் பாதிதான். முதல் ஏழு வாரம் ஒருவர், அடுத்த ஏழு வாரம் இன்னொருவர். இருவரும் ஒரே அறையில் ஒரு மணி நேரம்கூட நின்றிருக்க மாட்டார்கள். மாணவர் கையில் இரண்டு அரைத்தாள்தான் மிஞ்சும்.

ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு, ஆக உங்களிடம் 30 மணி இருக்கிறது. முதல் 3 மணியில் இருவரும் சேர்ந்தே நின்று ஒரே ஒரு சான்றை வாசியுங்கள். அது ஒரு கோயில் கல்வெட்டாக இருக்கலாம். தமிழ் ஆசிரியர் சொல்லையும் தொடரையும் பார்ப்பார். வரலாற்று ஆசிரியர் ஆட்சியாண்டையும் நிலஅளவையும் தானம் கொடுத்தவரையும் பார்ப்பார். எந்த இடத்தில் இருவர் வாசிப்பும் முட்டுகிறதோ அங்கே நிறுத்தி, அந்த முட்டலைக் கரும்பலகையில் எழுதுங்கள். தாளின் கேள்வி அங்கேதான் கிடைக்கும். அடுத்த 14 மணியைப் பிரித்துக்கொள்ளுங்கள். துறை வழிமுறைகளைச் சொல்லித்தர அது போதும். பிறகு 8 மணி மாணவர்கள் தாங்களே சான்றைக் கையாளும் பயிற்சிக்கு. மீதி 5 மணியில் எழுதியதைத் திருத்துங்கள், அதற்கு மறுபடி இருவரும் வேண்டும்.

மதிப்பெண்ணிலும் கவனம் வேண்டும். கட்டுரையை இருவரும் தனித்தனியே திருத்திக் கூட்டினால், மாணவர் இரண்டு ஆசிரியருக்கும் பிடித்தாற்போல இரண்டு கட்டுரை எழுதி நடுவில் ஒட்டிவிடுவார். 25 மதிப்பெண் என்றால் கேள்வியின் கூர்மைக்கு 5, சான்றைக் கையாண்ட விதத்துக்கு 10, ஒரு சான்று இன்னொன்றைத் திருத்தியதா என்பதற்கு 5, எழுத்துக்கு 5 என்று வையுங்கள். மூன்றாவதாகச் சொன்ன 5 மதிப்பெண்ணைப் பாடத்திட்டத்திலேயே அச்சிட்டுக் கொடுங்கள். அச்சில் இல்லாத எதையும் மாணவர்கள் செய்ய மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மகள் வளர்ச்சியியல் (டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) எம்.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். ‘அது என்ன பாடம், வாத்தியார் வேலைக்குக் கூட ஆகாதே’ என்கிறார்கள் உறவினர்கள். பயமாக இருக்கிறது.
ஒரு தாயார், திண்டுக்கல்

அம்மா, உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்கிறோம்.

குடிமைப் பணித் தேர்வுக்கும் தமிழ்நாட்டுத் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். பட்டத்தின் பெயர் அங்கே தடையில்லை. பள்ளி ஆசிரியர் வேலையில்தான் பெயர் குறுக்கே வந்து நிற்கும். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா, அல்லது இணையான பாடமா என்று பார்ப்பார்கள். இளங்கலையில் ஒன்றும் முதுகலையில் வேறொன்றும் படித்தவர்களை ‘கிராஸ் மேஜர்’ என்பார்கள், சிக்கல் அவர்களுக்குத்தான். எந்தப் பட்டம் எதற்கு இணை என்று தமிழ்நாடு அரசு அவ்வப்போது அரசாணை வெளியிடுகிறது. மகள் சேரப்போகும் பட்டத்தின் பெயரை எழுத்து பிசகாமல் குறித்துக்கொண்டு, அதற்கு இணைத்தன்மை ஆணை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். ‘வாங்கித் தருகிறோம்’ என்ற பதில் போதாது. ஆணையின் எண்ணும் நாளும் வேண்டும்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு வழி இவ்வளவு குறுகலானது அல்ல. அதற்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஒப்பிலக்கியம், மகளிரியல், தொல்லியல், அருங்காட்சியகவியல், நாட்டார் இலக்கியம் எல்லாம் தனிப் பாடங்களாகவே உள்ளன. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. படித்த பாடம் பட்டியலில் இல்லை என்றால் அதற்கு நெருங்கிய பாடத்தில் எழுதலாம். 2024 முதல், நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்கள் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்காக நெட் எழுதலாம், அதுவும் தாங்கள் விரும்பும் பாடத்தில். ஆனால் அந்த வழியில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைக்காது. இதைப் பலர் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மகளிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். இளங்கலையில் ஏதாவது ஒரு துறையை ஆழமாகப் படிக்கட்டும். பொருளியலோ வரலாறோ சமூகவியலோ, எதுவானாலும் சரி. ஊன்றிக்கொள்ள ஒரு கால் வேண்டும். பட்டம் முழுவதும் அறிமுகத் தாள்களாகவே படித்து வருபவர்களை நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பி.இ. முடிக்கப்போகிறேன். ஹியூமானிடீஸ் பக்கம் போக வேண்டும். கேட் தேர்வு வழியாக முடியுமா?
மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர், கோவை

முடியும். பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கென்று பெயர் பெற்ற கேட் தேர்வில் 2021இல் ஹியூமானிடீஸ், சமூக அறிவியலுக்கென ஒரு தாள் சேர்ந்தது. மொத்தம் 100 மதிப்பெண், 3 மணி நேரம். பொதுத்திறன் 15, தர்க்கமும் வாசிப்புப் புரிதலும் 25. இந்த இரண்டும் எல்லோருக்கும் பொது. மீதி 60 மதிப்பெண்ணுக்குப் பொருளியல், ஆங்கிலம், மொழியியல், தத்துவம், உளவியல், சமூகவியல் ஆறில் ஒன்று. வரலாறு இதில் இல்லை. வரலாற்றுப் பக்கம் போக நினைப்பவர்கள் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைத் தேர்வைத்தான் பார்க்க வேண்டும்.

ஐஐடி மெட்ராஸில் 2006 முதல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நடந்துவந்த ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ.வில் இப்போது சேர்க்கை இல்லை. 2023 முதல் அது இரண்டாண்டு எம்.ஏ. ஆகி, கேட் மதிப்பெண் வழியே இடம் கொடுக்கிறார்கள். கேட் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும்.

பொறியியல் மாணவர்கள் முதல் 40 மதிப்பெண்ணை எளிதாகக் கரையேற்றிவிடுவார்கள். தடுக்கி விழுவது 60இல்தான். மொழியியலும் தத்துவத்தின் தர்க்கப் பகுதியும் கணக்குப் போட்டுப் பழகிய மூளைக்குச் சீக்கிரம் பிடிபடும். ‘பொதுவாகத் தெரியும்’ என்று சமூகவியலை எடுக்காதீர்கள். கோட்பாட்டாளர் பெயரும் கருத்தாக்கமும் துல்லியமாகக் கேட்பார்கள். ஒற்றை விடைக் கேள்வி தவறானால் 1 மதிப்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கும், 2 மதிப்பெண்ணுக்கு மூன்றில் இரண்டு பங்கும் போய்விடும்.

மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் எடுக்கும் தாள் கல்லூரிக் கணக்கில் சேருமா?
பி.ஏ. மாணவி, விழுப்புரம்

சேரும். 2021 யுஜிசி விதிப்படி ஒரு பருவத்தின் தாள்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயத்திலிருந்து எடுக்கக் கல்லூரி இசைவு தரலாம். ‘தரலாம்’ என்பதைக் கவனியுங்கள், கல்லூரி ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் இசைவு வாங்குங்கள். முடித்துவிட்டு வந்து கேட்டால் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட அழகாக இருக்கும், கிரெடிட் வராது. ஸ்வயத்தில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் படிப்பு என்றால் 12 வாரத்துக்குப் பொதுவாக 3 கிரெடிட். ஒப்படைப்புக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 என்று தனித்தனியே எடுத்தால்தான் தேர்ச்சி. தேர்வில் 70 வாங்கி, ஒப்படைப்பை விட்டதால் தவறியவர்கள் இருக்கிறார்கள்.

எம்.ஏ. தமிழ் ஆய்வேட்டுக்குப் பழைய இதழ்களில் ‘நீர்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று கணினியில் எண்ணினேன். எண்ணிக்கை அபத்தமாக வருகிறது. சில இடங்களில் சொல்லே உடைந்து நிற்கிறது. ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக வந்திருக்கிறது!
எம்.ஏ. மாணவர், மதுரை

உங்கள் கோப்பில் கோளாறு இல்லை. மென்பொருள் தமிழை ஆங்கிலம் போல வாசித்திருக்கிறது. நாம் ‘தமிழ்’ என்பதை மூன்று எழுத்தாக எண்ணுகிறோம். யூனிகோடில் அது ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பல நிரல்மொழிகளில் ‘சொல்லின் எழுத்து’ என்று சொல்லும் குறியீடு இகரக் குறியையும் புள்ளியையும் எழுத்தாகவே ஏற்காது. பைத்தானோடு வரும் தேடல் தொகுப்பும் இப்படித்தான். இகரக் குறி வந்த இடத்தில் சொல் முடிந்தது என்று வெட்டிவிடும். மிஞ்சுவது ‘தம’வும் ‘ழ’வும். அந்தக் குறியீட்டை விட்டுவிட்டு, யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களை நேரடியாகக் குறியுங்கள். சொற்களைத் தேடி எண்ணும் ஆன்ட்காங்க் மென்பொருளைப் பயன்படுத்தினால் சொல் வரையறை அமைப்பில் எழுத்துகளோடு ‘மார்க்’ என்ற வகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு உருவம். ‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலில் ஒன்று மற்றதைக் காணாது. எண்ணுவதற்கு முன் கோப்பு முழுவதையும் யூனிகோட் இயல்பாக்கம் (நார்மலைசேஷன்) செய்து இரண்டு உருவத்தையும் ஒன்றாக்கிவிடுங்கள், இது சரியாகும். ஆனால் ஔகாரத்தை ‘ஒ’வும் ‘ள’வுமாகத் தட்டி வைத்திருந்தால் இயல்பாக்கம் அதைத் திருத்தாது. ஔவையார் இரண்டு பேராகப் பிரிந்து நிற்பார். கையால்தான் தேடி மாற்ற வேண்டும்.

மூன்றாவதுதான் உங்கள் ஆய்வுக்கு உயிர். ‘நீர்’ என்று தேடினால் ‘தண்ணீர்’ வராது, ‘கண்ணீர்’ வராது. புணர்ச்சியில் நகரம் ணகரம் ஆகிவிட்டது. ‘வெந்நீர்’ வரும். ‘நீர் எங்கே போகிறீர்?’ என்பதில் உள்ள முன்னிலை ‘நீர்’ என்பதும் வந்து எண்ணிக்கையில் உட்கார்ந்துகொள்ளும். ‘மரம்’ இன்னும் மோசம். ‘மரத்தில்’, ‘மரங்கள்’ வர வேண்டுமென்று ‘மர’ வரை வெட்டித் தேடினால் மரபும் மரணமும் சேர்ந்தே வரும். எனவே முதலில் 500 வரியை எடுத்து, வரும் உருவங்களை எல்லாம் கண்ணால் பார்த்துப் பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலை வைத்துத் தேடுங்கள். பிறகு முடிவிலிருந்து 100 இடத்தைக் குலுக்கலில் எடுத்து, எத்தனை சரி, எத்தனை தவறு என்று எண்ணி ஆய்வேட்டிலேயே எழுதுங்கள். புறத்தேர்வாளர் முதலில் கேட்பது அதைத்தான். இலக்கணம் படித்தவர் கணினி ஆய்வில் பின்தங்கியவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த இடத்தில் நன்னூல் தெரிந்தவர் கைதான் ஓங்கும்.

கீழடி பற்றிய தாளில் அறிவியல் மாணவருக்கு என்ன வேலை?
பி.எஸ்சி. வேதியியல் மாணவர், சிவகங்கை

நிறைய இருக்கிறது. கி.மு. 580 என்ற காலம் கரிமக் கணிப்பில் வந்தது. எலும்புத் துண்டுகளை எந்த விலங்கு என்று பார்த்தது புனே டெக்கான் கல்லூரி. பானை ஓடுகளின் கனிமக் கூறுகள் இத்தாலியின் பிசா பல்கலைக்கழகம் வரை போய் ஆராயப்பட்டன. ஓட்டில் கீறிய தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தை வாசிக்கக் கல்வெட்டியலாளர் வேண்டும். கரிமக் கணிப்பு, கரி கிடைத்த மண்ணடுக்கின் காலத்தைச் சொல்கிறது. எழுத்து கீறிய ஓடு அதே அடுக்கில், கலையாத நிலையில் கிடைத்ததா என்பதைத் தொல்லியலாளர் உறுதி செய்த பிறகுதான் அந்தக் காலத்தை எழுத்துக்குக் கொடுக்க முடியும். இந்தக் கண்ணியை விளக்கி ஒரு பக்கம் எழுதுங்கள், உங்கள் ஒப்படைப்பு தயார்.

‘பஞ்சமும் மக்கள் வாழ்வும்’ என்று ப்ராஜெக்ட் தலைப்பு கொடுத்தேன். ‘சுருக்கிக்கொண்டு வா’ என்று திருப்பிவிட்டார்கள். எதைச் சுருக்குவது? ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?
பி.ஏ. வரலாறு மூன்றாமாண்டு மாணவர், சென்னை

ஊர், காலம், சான்று மூன்றையும் சுருக்குங்கள். நீங்கள் சென்னையில் இருப்பதால் காலடியிலேயே ஒரு தலைப்பு கிடக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். 1878இல் அந்த நீர்வழி முழுவதும் ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. ‘1877-78இல் அடையாறு–கூவம் கால்வாய் வேலைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த கூலி ஓர் ஆளின் உணவுக்குப் போதுமானதா?’ இது ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய கேள்வி.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள். 1909 முதல் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. துறைத் தலைவரின் கடிதமும் கல்லூரி அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். தலைப்பைக் கடிதத்தில் துல்லியமாக எழுதச் சொல்லுங்கள். ‘பஞ்சம்’ என்று மட்டும் இருந்தால் எந்தத் துறையின், எந்த ஆண்டின் கோப்பை எடுத்துத் தருவது என்று அவர்களுக்குத் தெரியாது. முதல் நாள் கோப்பு கேட்காதீர்கள். குறிப்பேட்டில் வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை நடவடிக்கைகளின் அட்டவணையைப் பார்த்து எண்களை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும். பழைய தாளில் மை பட்டால் திருத்த முடியாது.

அச்சான தமிழ்ப் பாட்டுகளுக்கும், மலிவு விலையில் விற்ற குஜிலிப் பிரசுரங்களுக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியாளாகச் சேர்த்தவற்றைக் கொண்டு 1994இல் உருவானது. பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள், பாதி நாள் மிச்சம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்களின் படிமங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு தாளிலும் நான்கு விஷயம் தவறாமல் எழுதுங்கள்: காப்பகத்தின் பெயர், துறை, தொகுதி அல்லது கோப்பு எண், நாள். கைபேசியில் படம் எடுக்க இசைவு கிடைத்தால், ஒவ்வொரு கோப்பிலும் முதல் படம் அதன் அட்டையாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்து 300 படத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு, இந்தக் கூலிப் பட்டியல் எந்தக் கோப்பு என்று தெரியாமல் மறுபடி எழும்பூருக்கு ரயில் ஏறுவது இங்கே எல்லோருக்கும் ஒரு முறையாவது நடப்பது. 1871, 1881 கணக்கெடுப்புகளையும் பார்ப்பீர்கள். அந்தப் பத்தாண்டில் மாகாணத்தின் மக்கள்தொகை கூடவில்லை, குறைந்திருக்கிறது. அந்தக் குறைவு முழுவதையும் சாவு என்று எழுதிவிடாதீர்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களும் அதற்குள் இருக்கிறார்கள்.